நன்னீர்ப் பஞ்சமும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே கல்வியைப் பற்றிப் பேசாமல் தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியர் எழுந்து நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

நாம் பணியாற்றும் அரசுப் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்திற்குக் காலந்தாழ்ந்து வரும் மாணவர்களை வாயிலில் நிறுத்தி வைப்பது வழக்கம். ஒரு பங்குனி மாதத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து ஒன்பது நாள்கள் காலந்தாழ்ந்து வந்தாள். பத்தாம் நாள் அவளைக் கடிந்து பேசினோம். அவள் அழவில்லை. “எங்க தெருவுக்கு எட்டரை மணிக்குத்தான் சார் தண்ணி வரும். நாலு குடம் புடிச்சு வெச்சிட்டுத்தான் வரணும்” என்றாள். அன்று மாலை வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். மாசி முதல் சித்திரை வரை காலந்தாழ்ந்து வந்தோரில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். அவர்களிலும் பெரும்பாலோர் குழாயின் கடைசியில் உள்ள இரண்டு தெருக்களைச் சேர்ந்தவர்கள். அந்த இரண்டு தெருக்களும் யாருடைய தெருக்கள் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் அப்பதிவேட்டில் கையொப்பமிட்டும் அதைப் படிக்காமல் இருந்துவிட்டோமே என்று நாம் நாணினோம். அந்த நாணத்தின் விளைவே இன்றைய உரை.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். உலகம் முழுவதும் இன்று அந்த அதிகாரத்தின் பொருளைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. நன்னீர் குறைந்து வருகிறது. இருக்கும் நன்னீர் கெட்டு வருகிறது. மழை தன் ஒழுங்கை மாற்றிக் கொண்டு வருகிறது. இம்மூன்றையும் அறிவியலார் சொல்லியவாறு சுருக்கமாகக் காண்போம்.

வகுப்பறையில் நாம் செய்து காட்டும் கணக்கு ஒன்று உண்டு. உலகிலுள்ள தண்ணீர் அனைத்தையும் 100 லிட்டர் என்று வைத்துக் கொள்வோம். அதில் 97½ லிட்டர் கடலும் பிறவும் ஆகிய உப்பு நீர். எஞ்சுவது 2½ லிட்டர் நன்னீர். அதிலும் ஏறத்தாழ 1¾ லிட்டர் துருவங்களிலும் மலைகளிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கிறது. முக்கால் லிட்டர் அளவு நிலத்தடியில் இருக்கிறது. உலகின் ஆறுகளிலும் ஏரிகளிலும் நம் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது ஒன்றரைத் தேக்கரண்டி அளவே! இந்த ஒன்றரைத் தேக்கரண்டியையும் நிலத்தடியில் உள்ளதில் எட்டக்கூடிய ஒரு பங்கையும் நம்பியே 800 கோடிக்கும் மேற்பட்ட மக்களும் பயிரும் உயிரும் வாழ்கின்றன.

இந்நீரை யார் எடுத்துக் கொள்கின்றனர்? உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் நூற்றுக்கு 70 பங்கு அளவு வேளாண்மைக்குச் செல்கிறது. தொழிற்சாலைகள் 20 பங்கிற்குச் சற்றுக் குறைவாக எடுக்கின்றன. வீடுகளுக்கு வருவது 10 பங்கிற்குச் சற்று மேல். உலகில் ஆண்டுதோறும் உறிஞ்சப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை நம் இந்திய நாடு ஒன்றே உறிஞ்சுகிறது. அமெரிக்காவும் சீனமும் சேர்ந்து எடுப்பதை விட இது மிகுதி. முப்பதடியில் ஊறிய நீர் முந்நூறு அடிக்குப் போனதும், முந்நூறு அடி ஆயிரம் அடியானதும் நாம் கண்ணாரக் கண்ட வரலாறு. ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் இறக்கப் பணம் உள்ளவன் இறக்கினான். அவனுக்குப் பக்கத்து நிலத்தில் முப்பதடிக் கிணறு வைத்திருந்தவன் கூலிக்காரன் ஆனான்.

உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பாகப் பேணப்பட்ட குடிநீர் வீட்டில் கிடைக்கவில்லை. இந்த 220 கோடியும் யார் என்று கேட்பதே நம் கடமை. தண்ணீர்ப் பஞ்சம் எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே நாளில் தட்டுவதில்லை. வரிசையில் கடைசியாக நிற்பவனிடமே அது முதலில் வருகிறது. நாம் இன்று சொல்ல வந்த பொருள் இதுவே. இதற்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு சான்றுகளும் நம் ஊரிலிருந்து ஒரு சான்றும் காட்டுவோம்.

முதற்சான்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மாநகரம். 2015 தொடங்கி மூன்றாண்டுகள் அங்கே மழை பொய்த்தது. நகருக்கு நீர் தரும் பெரிய அணை சேறும் மணலுமாய்க் காட்சி அளித்தது. 2018 பிப்ரவரி முதல் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 50 லிட்டர் என்று நகராட்சி அளவு கட்டியது. அதற்கும் மேல் நிலைமை முற்றினால் வீட்டுக் குழாய்களை அடைத்துவிட்டு, ஏறத்தாழ 200 இடங்களில் மக்களை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு 25 லிட்டர் அளந்து கொடுப்பது என்று முடிவு செய்தது. அந்த நாளுக்குச் சுழிநாள் என்னும் பொருளில் பெயரும் இட்டனர். நல்வாய்ப்பாக மக்கள் சிக்கனம் பிடித்தனர். 2018 நடுவில் மழையும் பெய்தது. சுழிநாள் வராமலே போயிற்று. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதனைப் பெருஞ்செய்தியாக எழுதின.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பொதுக் குழாயில் வரிசையில் நின்று குடத்தில் பிடிப்பதைத்தான் அந்நகரத்தின் செல்வர்கள் உலகம் அழிவது போல அஞ்சினர். அதே நகரத்தின் ஓரத்தில், நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த பகுதிகளின் தகரக் குடிசைகளில் வாழ்வோர் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் அப்படித்தான் வாழ்ந்தனர்! அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் சுழிநாளாகவே இருந்தது. அந்நகரைப் பற்றி 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மக்கள் தொகையில் நூற்றுக்கு 14 பேராக உள்ள மேல்தட்டினர் நகரின் வீட்டுப் பயன்பாட்டு நீரில் பாதிக்கு மேல் செலவிடுகின்றனர் என்றும், நூற்றுக்கு 60 பேருக்கு மேல் உள்ள ஏழை மக்களுக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கை ஒட்டியதே என்றும் மதிப்பிட்டது. நீச்சல் குளத்திற்கும் புல்வெளிக்கும் போன நீர் அது.

மழை ஏன் பொய்த்தது? அந்த மூன்றாண்டு வறட்சி போன்ற ஒன்று நிகழும் வாய்ப்பை, மனிதர் செயலால் நேர்ந்த புவி வெப்பமேற்றம் ஏறத்தாழ மூன்று மடங்காக்கியது என்று அறிவியலார் கணித்தனர். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கரியமிலவாயு பூமியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல் வெப்பத்தை அடைத்து வைக்கிறது. காற்றின் வெப்பம் 1 பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் மண்ணிலிருந்தும் ஏரியிலிருந்தும் நீர் விரைந்து ஆவியாகிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நாம் நன்கு உணர வேண்டும்.

இதற்குச் சென்னையை விடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றங்கரையின் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூன் திங்களில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் நம் சோலையார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகள் கொண்ட இரயில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்குப் புறப்பட்டது. வசதி படைத்தோர் தனியார் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினர். வாங்க இயலாதோர் நிறம் நிறமான பிளாஸ்டிக் குடங்களைத் தெருவில் வரிசையாக வைத்து இரவெல்லாம் காத்திருந்தனர். வெள்ளத்தில் முதலில் வீடிழந்தவனும் வறட்சியில் கடைசியாகத் தண்ணீர் பெற்றவனும் ஒருவனாகவே இருந்தான்.

நிற்க. தண்ணீர் வருகிறது என்பதாலேயே அது குடிக்கத் தகுந்தது என்று கொள்ளலாமா? இரண்டாம் சான்று இதற்கு விடை தரும்.

உலகிலேயே செல்வம் மிகுந்த நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் என்றொரு நகரம் இருக்கிறது. மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தார்; ஏழைகள் மிகப் பலர். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, அந்நகரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினர். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களை நீர் அரித்தது. ஈயம் குடிநீரில் கலந்தது. தண்ணீர் நிறம் மாறியது, நாறியது. தாய்மார்கள் புட்டிகளில் எடுத்துச் சென்று அலுவலர்களிடம் காட்டினர். நீர் நல்ல நீரே என்று விடை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த மோட்டார் எஞ்சின் தொழிற்சாலை ஒன்று, அந்த நீர் இரும்பு உறுப்புகளை அரிக்கிறது என்று கூறி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தனர்!

அம்மக்கள் என்ன செய்தனர்? இங்கேதான், இளைஞர்களே, நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். 2015இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவோடு சேர்ந்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் மக்கள் தாமே முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பினர். ஈயத்தின் அளவு எண்ணாக வெளிவந்தது. நகரத்துக் குழந்தை மருத்துவர் ஒருவர் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார். அழுகையை மறுத்தவர்களால் எண்ணை மறுக்க இயலவில்லை. 2015 அக்டோபரில் பழைய நீரே திரும்ப வந்தது. 2021இல் 62 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. எனினும் குழந்தையின் மூளையில் ஈயம் செய்த கேட்டை எந்தப் பணமும் முழுதும் மாற்றாது. ஈயம் நினைவாற்றலையும் கற்கும் ஆற்றலையும் கெடுப்பது. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையை அடிப்பதற்கு முன் அவன் குடிக்கும் நீரைச் சோதிப்பது ஆசிரியர் கடமை என்பதை நாம் அதிலிருந்து கற்றோம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நாம் பாலாற்றங்கரையில் பிறந்தோம். நம் இளமையில் ஆற்றில் நீர் ஓடிய நாள்கள் சிலவே. ஆனால் மணலில் முழங்கை ஆழம் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும். நம் அன்னையர் அகப்பையால் முகந்து, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவர். அந்நீரின் சுவை இன்றும் நாவில் இருக்கிறது. ஊர்ப் பொதுக்கிணறு நமக்கு மூடியிருந்த காலத்திலும் ஆற்று மணல் நமக்கு மூடவில்லை. அந்த மணலும் போயிற்று, அந்த ஊற்றும் போயிற்று.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் நம்மவர் டேனரி என்றழைக்கும் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. தோல் கெடாதிருக்க இட்ட உப்பும், பதனிட இட்ட குரோமியமும், பிற வேதிப்பொருள்களும் கழிவுநீரோடு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கின. தென்னை காய்ந்தது, கிணறு உவர்த்தது. 1991இல் வேலூர் மக்கள் நல அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1996 ஆகஸ்டு 28இல் வந்த தீர்ப்பு நாடு முழுவதும் பேசப்படுவது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டது என்றும் அத்தீர்ப்பில் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. மாசு செய்தவனே அதன் ஈட்டையும் செலுத்த வேண்டும் என்னும் கொள்கையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிமன்றம் அன்று அறிவித்தது. ஆயினும் கேடு நின்றபாடில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரவும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று. மனுக் கொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தை இன்று பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வயதை எய்திவிட்டது.

இங்கே நாம் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். அந்தக் கூடங்களில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை அலசியவர் நம் தந்தையர். அந்தக் கூலியில்தான் நம்மிற் பலர் படித்தோம். இந்தக் கழகத்துக்கு முதல் நன்கொடை தந்தவர்களிலும் தோல் தொழிலாளர் இருந்தனர். ஆகவே, கூடங்களை ஒரே நாளில் பூட்டுங்கள் என்று உரத்துக் கூறிவிட்டுப் போவது நமக்கு எளிதன்று. பூட்டினால் பட்டினி நமக்கு. திறந்தால் நஞ்சு நமக்கு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைப்புக்காக வங்கத்திலிருந்து வந்த ஏழைகள். கூலியா, குடிநீரா என்னும் கேள்வியை ஏழையிடம் மட்டும் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதே நம் விடையாக இருக்க வேண்டும். கழிவைத் தூய்மை செய்யும் செலவு தொழிலின் செலவே. அதனைத் தொழிலாளியின் கிணற்றின் மேல் சுமத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

தோழர்களே! நமக்கும் தண்ணீருக்கும் உள்ள வழக்கு மற்றவர்களுடையதைக் காட்டிலும் பழையது. பொதுவழி, பொதுக்கிணறு, குளம் ஆகியவை ஆதிதிராவிடர்க்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் செய்தது. மகாராட்டிரத்தின் மகாட் நகராட்சியும் அதே காலத்தில் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் கை வைக்க எவராலும் இயலவில்லை. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அக்குளத்து நீரைத் தம் கையால் அள்ளிப் பருகினார். அதற்காக நம் மக்கள் தாக்கப்பட்டனர். மாடும் நாயும் குடித்த குளத்தை மனிதன் குடித்ததற்காகச் சடங்கு செய்து ‘தூய்மை’ப்படுத்தினர். வழக்கு பத்தாண்டுகள் நடந்து 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சார்பாக முடிந்தது. கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுத்தல் ஆகாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வதற்குப் பின்னே அந்த ஒரு கை நீர் இருக்கிறது.

அண்ணல் அதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் அடித்தளம் அப்போது இடப்பட்டது. வெள்ளத்தைத் தீமை என்று கருதி அதனைக் கடலுக்குத் தள்ளிவிடுவது தவறு, நீர் ஒரு செல்வம், அதனைத் தேக்கிப் பயன்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை 1945இல் கட்டாக்கில் நடந்த மாநாட்டில் அவர் விளக்கினார். தொட உரிமையில்லை என்று சொல்லப்பட்ட நீரை, ஒரு நாட்டின் நீராகத் திட்டமிடும் அளவுக்கு அவர் கற்றிருந்தார். கல்விக் கழகத்தின் மேடையில் தண்ணீரைப் பேசுவதற்கு இதைவிட வேறு பொருத்தம் என்ன வேண்டும்?

ஆயினும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடியிருப்புக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரிய வந்தது. நல்ல நீர் நம்மிடம் கடைசியாக வருகிறது. கழிவுநீரோ முதலில் நம்மிடம் வருகிறது. நகரங்களின் சாக்கடைக் குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் அக்குழிகளில் மூச்சடைத்து மாண்டோர் பெயர்களைப் படித்துப் பாருங்கள். நீர் மாசு என்பது நமக்கு நூலில் உள்ள சொல் மட்டும் அன்று.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? நான்கு பணிகளைக் கூறி அமைகின்றோம்.

முதற்பணி, அளத்தல். நம் தெருக் குழாயிலும் அடிகுழாயிலும் வரும் நீரில் என்ன இருக்கிறது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1½ மில்லிகிராமைத் தாண்டலாகாது. தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும். நைட்ரேட் 45ஐத் தாண்டலாகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் வற்ற வற்ற அவை செறிவாகும். இதனை நம் தாய்மார்கள் அனைவரும் அறிதல் வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர் சோதிக்கும் பயிற்சி தர வழி செய்திருக்கிறது. அந்த ஐவரில் நம் தெருப் பெண்கள் எத்தனை பேர் என்று நாளையே கேளுங்கள்.

இரண்டாம் பணி, பதிதல். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் கிடைத்தது, எந்நாள் வரவில்லை என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். அதே திட்டம் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 275 லிட்டர். நான்கு குடம் எங்கே, 275 லிட்டர் எங்கே? இதனை வாயால் சொன்னால் புலம்பல். நோட்டில் தேதியோடு எழுதிக் காட்டினால் சான்று.

மூன்றாம் பணி, கேட்டல். தமிழ்நாட்டில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடவேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. மகாட் குளத்து நாளுக்கு இரண்டு நாள் கழித்து வரும் நாள் அது. அந்தச் சபையில் நம்மவர் பின்வரிசையில் கைகட்டி நின்றது போதும். மேற்சொன்ன நோட்டுப் புத்தகத்தோடு சென்று, குழாயின் கடைசித் தெருவுக்குத் தனி வால்வும் தனி நேரமும் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் செய்யுங்கள். விடை வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச் சபை 2010 ஜூலை 28இல் அறிவித்திருக்கிறது. உரிமையைக் கேட்பதில் பணிவு வேண்டும், தயக்கம் வேண்டியதில்லை.

நான்காம் பணி, காத்தல். இதில் நம்மையும் நாமே கடிந்து கொள்ள வேண்டியிருக்கிறது. நம் தெருவின் உடைந்த குழாய் மாதக்கணக்கில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றோம். பயன்படாத கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கிவிட்டோம். கையில் கொஞ்சம் காசு வந்தவுடன் கேன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு, பொதுக்குழாயைப் பற்றிய கவலையைப் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு விட்டுவிடுகின்றோம். படித்தவன் விலகிப் போனால் வரிசையில் மிஞ்சுவது படிக்காதவளே. ஏரிக்கால்வாயைத் தூர்வாருவதும், பள்ளிக் கூரையின் மழைநீரை நிலத்தில் இறக்குவதும், சாக்கடை கிணற்றோடு கலவாமல் பார்ப்பதும் நம் கைக்கு எட்டிய பணிகள். மாறிவரும் மழையில் கொட்டும் நாள்கள் சிலவே. அந்தச் சில நாள்களில் தேக்காதவனுக்கு ஆண்டு முழுதும் நீர் இல்லை.

இளைஞர்களே! கல்வியைப் பட்டத்தோடு முடிந்த ஒன்றாகக் கருதிவிடாதீர்கள். நம்மிலிருந்து நீரியல் பொறியாளர் வரவேண்டும். வேதியியல் சோதகர் வரவேண்டும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் வரவேண்டும். குழாய் எத்தெரு வழியாகப் போக வேண்டும் என்று கோடு போடும் மேசையில் நம் பிள்ளை அமராத வரையில், கோடு நம் தெருவை எட்டும்போது மெலிந்தே இருக்கும்.

நாம் முதலிற் சொன்ன மாணவிக்கு வருகின்றோம். அவளைக் கடிந்ததற்கு மறுநாள் அவளிடமே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தண்ணீர் வரும் நேரத்தை நாள்தோறும் எழுதி வரச் சொன்னோம். இரண்டு திங்கள் எழுதினாள். தேதி, மணி, குடம் என்று மூன்று கட்டம்; பிழையில்லாத எழுத்து. அந்த நோட்டின் படியை மனுவோடு இணைத்து உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். அடுத்த கோடைக்குள் அவள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரம் ஆறு மணியாக மாறிற்று. பெரிய வெற்றி என்று இதனைச் சொல்ல மாட்டோம். குடம் இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் இப்போது முதல் வரிசையில் நிற்கிறாள்.

இந்த வெள்ளி விழா ஆண்டில் கழகம் நம் ஒவ்வொரு தெருவுக்கும் அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்றை வழங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.